நிற்கும் இடத்தின் சூடு

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக ஒரு வெப்பமானி வந்த நாள் இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தை ஒட்டிய தெருவொன்றில், அப்பா சிறிய சாயப்பட்டறை வைத்திருந்தார். நெசவாளர் வீடுகளிலிருந்து வரும் கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் கரைத்த வெந்நீரில் இட்டு, இழைமேல் படிந்திருக்கும் பசையைப் போக்கி, பிறகு சாயமேற்றிக் கொடுப்பது தொழில். பசை போக்கும் நீர் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே நிற்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் இழைகள் சிக்கிப் பட்டின் பளபளப்புப் போய்விடும். சூடு குறைந்தால் பசை முழுதும் நீங்காமல் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். அப்பா இதை அண்டாவின் ஆவிமேல் புறங்கையைக் காட்டியே அறிந்துவந்தார்.

பயிற்சி வகுப்பொன்றுக்குப் போய்வந்த உறவினர் ஒருவர் நீண்ட கண்ணாடி வெப்பமானி ஒன்றை அவருக்குக் கொடுத்தார். அப்பா அதை அண்டாவின் விளிம்பில் கட்டித் தொங்கவிட்டார். 94 டிகிரி காட்டியது. கழியில் கட்டி நடுவே இறக்கினார். 88 காட்டியது. சிறுவர்களாயிருந்த நாங்கள் இருவரும், "இது பொய் சொல்லுதுப்பா" என்றோம். அப்பா சிரிக்கவில்லை. "பொய் சொல்லலடா. அது நிக்கிற எடத்துச் சூட்டைச் சொல்லுது. பட்டு நிக்கிற எடத்துல என்ன சூடுன்னு நாமதான் பாத்துக்கணும்" என்றார். அன்று முதல் வெப்பமானி நடுவில்தான் இறங்கிற்று. அந்த வாக்கியத்தின் முழுப் பொருளும் எங்களுக்கு விளங்க ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. அது விளங்கிய விதம் பெருமைக்குரியதன்று.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அரக்கோணத்துக் கடற்படை விமானதளத்துக்குப் போகும் விமானங்கள் தெரியும். 1992-இல் அத்தளம் செயற்படத் தொடங்கியபின் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். வரதராஜப் பெருமாள் கோவில் கோபுரத்துக்கு அப்பால் அவை தாழ்ந்து செல்லும்போது படிப்பை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்போம். அண்ணனும் தம்பியுமாக இருவரும் விமானப் பராமரிப்புப் படித்தோம். பெரிய விமானங்கள் வாய்க்கவில்லை. தென்னகத்துப் பயிற்சிப் பள்ளி ஒன்றில், மாணவர்கள் பறக்கப் பழகும் நான்கு இருக்கை செஸ்னா 172 விமானங்களைப் பேணும் வேலை கிடைத்தது. இருவரும் ஒரே கொட்டகையில் வேலை செய்தோம். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை உரிய இடத்தில் சொல்கிறோம்.

இலக்கியம் படிக்க வந்தவர்களிடம் இயந்திரம் பேசுவதற்குப் பொறுத்தருள வேண்டும். கதை புரிய மிகக் கொஞ்சமே போதும். அவ்விமானத்தின் இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்கள், இப்புறம் இரண்டு அப்புறம் இரண்டாகப் படுத்திருக்கும். தண்ணீர் கிடையாது. முன்னாலிருந்து வரும் காற்றுதான் அவற்றைக் குளிர்விக்கிறது. வந்த காற்று வீணே வழிந்தோடிவிடாமல் ஒவ்வொரு சிலிண்டரின் செதில்களுக்கிடையே புகுந்து செல்லும்படி, சுற்றிலும் தகடுகளும் அவற்றின் ஓரத்தில் ரப்பர்ப் பட்டைகளும் வைத்திருப்பார்கள். சிலிண்டர்த் தலையின் வெப்பம் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது உற்பத்தியாளர் வகுத்த எல்லை. நெடுநாள் உழைக்க வேண்டுமானால் சீரான பறத்தலில் 205-க்குக் கீழ் வைத்திருப்பது நலம் என்பதும் அவர்கள் அறிவுரையே. சூடு ஏற ஏற அலுமினியம் வலுவிழக்கும். வெளியேற்று வால்வு கருகும். ஒற்றை இயந்திரம் பூண்ட சிறுவிமானத்தில் இதற்கு மாற்று ஏற்பாடு கிடையாது.

எங்கள் வெயிலையும் இதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும். சிறுவிமானங்களுக்கான அமெரிக்க விதிகள் குளிர்விப்புச் சோதனைக்கு நெடுங்காலம் கருதிவந்த கடல்மட்டத்து வெப்பநாள் 38 டிகிரி. அக்கினி நட்சத்திர நாட்களில் காஞ்சிபுரம் அதைத் தாண்டிவிடும். ஆகவே இங்கே வெப்பமானியின் எண் வெறும் அலங்காரமாக இருக்க முடியாது.

எங்கள் விமானங்களில் ஆதியில் ஒரே ஒரு சிலிண்டருக்குத்தான் வெப்பமானி இருந்தது. பின்வரிசை வலப்புறத்து மூன்றாவது சிலிண்டர் அது. மற்ற மூன்றும் எப்படியிருக்கின்றன என்பதை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு பள்ளி நிர்வாகம் நான்கு சிலிண்டர்களையும் தனித்தனியே காட்டும் மின்னணுக் கருவி ஒன்றைப் பொருத்தியது. பொருத்திய முதல் நாளே சிக்கல். ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவை 190-க்கும் 195-க்கும் இடையே நின்றன. மூன்றாவது மட்டும் 220-ஐத் தொட்டது. பழைய ஊசி அதே சிலிண்டரை நலமென்று காட்ட, புதிய எண் நோயென்று காட்டியது.

மூன்றாவது சிலிண்டரை நாங்கள் படுத்திய பாடு சொல்லி முடியாது. செதில்களைத் துடைத்தோம். தகடுகளைச் சரிபார்த்தோம். ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினோம். கடைசியில் உணர்கருவியையே மாற்றிப் புதியது போட்டோம். எண் அசையவில்லை. கழித்துப் போட்ட அந்த உணர்கருவியையும், வேறொரு சிலிண்டரிலிருந்து முன்பு கழித்திருந்த இன்னொன்றையும், கையடக்க மீட்டர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு விடுமுறைக்கு ஊர் வந்தோம். அப்பாவின் அண்டாவில் நல்ல நீரைத் தளதளக்கக் கொதிக்கவைத்து இரண்டையும் ஒன்றாக இறக்கினோம். எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைவான உயரம். நீர் ஏறக்குறைய 100 டிகிரியிலேயே கொதிக்கும். இரண்டும் ஒரு டிகிரி பிசகாமல் அதையே காட்டின. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே எடத்துல நிக்குது, ஒண்ணாச் சொல்லுது. அங்க ரெண்டும் ஒரே எடத்துலயா நிக்குது?" என்று கேட்டார்.

கேள்வி உறைத்தது. பழைய ஊசியின் உணர்கருவி மூன்றாவது சிலிண்டரின் தலையிலுள்ள குழியை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தது. ஆகவே புதிய கருவியைப் பொருத்தியவர்கள் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் பிளக்கின் அடியில் வாஷர்போலச் சொருகும் வகையைப் போட்டிருந்தார்கள். மற்ற மூன்றும் குழிக்குள் நின்றன. அது எரிபிளக்கின் மடியில் நின்றது. ஒரே சிலிண்டரின் இரண்டு இடங்கள், இரண்டு சூடுகள். இரண்டு எண்களும் மெய். ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவை அல்ல. மூன்றாவது சிலிண்டர் ஆரோக்கியமாக இருந்தது. அதன்மேல் நாங்கள் செலவிட்ட மாதங்களை எண்ணிச் சிரித்துக்கொண்டோம். சிரித்திருக்கக் கூடாது. அந்த மாதங்களில் நாங்கள் திரும்பியே பார்க்காத சிலிண்டர் ஒன்று இருந்தது.

நடுவில் ஒரு நூறு மணிநேரப் பராமரிப்பு வந்துபோயிருந்தது. அப்போது நான்காவது சிலிண்டரின் உணர்கருவியிலிருந்து வரும் வயர் ஒரு விளிம்பில் உராய்ந்து தேய்ந்திருக்கக் கண்டோம். தேய்ந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இயந்திரப் பக்கத்திலிருந்து விமானியறைப் பலகையின் பின்புறம் வரை புதிய வயர் கொடுத்து, இரு முனைகளிலும் அழகாக ஒட்டுப்போட்டு, மேலே உறையிட்டு மூடினோம். விமானத்தில் பயன்படுத்தும் தரமான செம்பு வயர்தான். அதே பராமரிப்பில் ரப்பர்ப் பட்டைகளையும் மாற்றினோம். அடுத்த பறத்தலில் நான்காவது சிலிண்டர் 190-லிருந்து 145-க்கு இறங்கியிருந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். புதிய ரப்பர்ப் பட்டையின் மகிமை என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். பின் மாதங்களில் அது மெல்ல ஏறி 170-இல் நின்றது. அப்போதும் நான்கிலும் அதுவே குறைவு. கெட்ட செய்தியை நூறு முறை சோதித்த நாங்கள் நல்ல செய்தியை ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை.

அடுத்த பராமரிப்பில் அழுத்தக் கசிவுச் சோதனை செய்தோம். சிலிண்டருக்குள் 80 அளவு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பது அது. மூன்று சிலிண்டர்களில் எழுபதுக்கு மேல் தங்கியது. நான்காவதில் 52. புகைபோக்கியில் காதை வைத்தால் காற்றுச் சீறும் ஒலி கேட்டது. வெளியேற்று வால்வு கருகியிருந்தது. எல்லாவற்றிலும் குளிர்ச்சியான சிலிண்டரில், எல்லாவற்றிலும் கருகிய வால்வு.

பரிசோதித்துப் பார்த்ததில் இரண்டு குற்றங்கள் தெரியவந்தன. நாங்கள் மாற்றிய ரப்பர்ப் பட்டை அந்த மூலையில் உட்புறமாக மடிந்து, காற்று வழிந்தோட வழிவிட்டிருந்தது. சிலிண்டர் மெய்யாகவே சூடேறிக்கொண்டிருந்தது. இரண்டாவது குற்றம் அதை எங்களிடமிருந்து மறைத்தது. அதுதான் அந்தச் செம்பு வயர்.

இந்த உணர்கருவியைத் தெர்மோகப்பிள் என்பார்கள். குரோமல், அலுமல் என்னும் இருவேறு கலப்பு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்தால், அந்த முனைக்கும் மறுமுனைக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டுக்கு ஏற்பச் சிறு மின்னழுத்தம் பிறக்கும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறிட்டு அதில் 41. நுனி மட்டும் அளப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் மின்னழுத்தம் பிறப்பது வழி நெடுக. கம்பி எங்கெல்லாம் சூட்டிலிருந்து குளிர்ச்சிக்குப் போகிறதோ அங்கெல்லாம். ஆகவே வழி முழுதும் அதே இணை உலோகம் வர வேண்டும். நாங்கள் நடுவில் செம்பை வைத்தோம். இரு புறமும் ஒரே செம்பாக இருந்தால் அத்துண்டில் எதுவும் பிறக்காது. அதன் ஒரு முனை இயந்திரத்தின் அருகே 90 டிகிரியில் இருந்தது. மறுமுனை பலகைக்குப் பின்னால் 40-இல். இடையிலிருந்த 50 டிகிரி கணக்கிலிருந்தே காணாமற் போயிற்று. கருவி 170 என்று காட்டியபோது சிலிண்டர் 220-இல் இருந்தது. மேலேறும் பறத்தலில் இன்னும் எவ்வளவு போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எங்களுக்குப் பல நாட்கள் தைரியம் வரவில்லை.

இதில் கொடுமை ஒன்றுண்டு. காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது பார்த்தால் நான்கு எண்களும் ஒன்றுபோல் 30 காட்டும். செம்பின் இரு முனைகளும் அப்போது ஒரே சூட்டில் இருப்பதால் பிழையும் பூஜ்யம். சூடேற ஏறத்தான் பிழை வளரும். உணர்கருவியைக் கழற்றிக் கொதிநீரில் இட்டாலும் தேர்ச்சி பெற்றுவிடும், பிழை அதில் இல்லாததால். அப்பாவின் பட்டறையில் நாங்கள் செய்த சோதனையால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. நுனி நிற்கும் இடத்தைக் கேட்கக் கற்றுக்கொண்ட நாங்கள், சேதி வரும் வழியைக் கேட்கக் கற்றிருக்கவில்லை.

அந்த ஒட்டைப் போட்டது எங்களில் ஒருவர். சரிபார்த்துக் கையொப்பத்துக்கு அனுப்பியது மற்றவர். யார் எதைச் செய்தோம் என்பதைப் பொறுப்பாளரிடம் அன்றே எழுத்தில் கொடுத்துவிட்டோம். அதற்குரிய தண்டனையையும் ஏற்றுக்கொண்டோம். ஆனால் வீட்டிலும் நண்பர்களிடமும் இதுவரை 'நாங்கள்' என்றே சொல்லிவருகிறோம். போட்டவர் அறியாமையால் போட்டார். பார்த்தவர் ஒட்டின் அழகைப் பார்த்தாரே அன்றி உலோகத்தைப் பார்க்கவில்லை. இவற்றில் எது பெரிய குற்றம் என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பராமரிப்புக்கு முந்தைய வாரம் அந்த விமானத்தில் ஒரு மாணவர் முதன்முறையாகத் தனியே பறந்திருந்தார். இறங்கியதும் நண்பர்கள் அவர் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார்கள். நாங்களும் நின்று கைதட்டினோம்.

அதன்பிறகு இத்தகைய பொய்களின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். 1982 ஜனவரி 13 அன்று, பனி கொட்டிக்கொண்டிருந்த வாஷிங்டனில் போயிங் 737 ஒன்று புறப்பட்டது. இயந்திரத்தின் முகப்பிலிருந்த அழுத்த உணர்கருவியைப் பனிக்கட்டி அடைத்திருந்தது. விசையைக் காட்டும் கருவி 2.04 என்றது. உண்மையில் கிடைத்தது 1.70 அளவு விசைதான். ஏதோ சரியில்லை என்று துணைவிமானி திரும்பத் திரும்பச் சொல்லியும் விமானம் எழும்பியது. பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்த நால்வரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். ஏழாண்டுகள் கழித்து, 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தில் கெக்வொர்த் அருகே இதற்கு நேர்மாறானது நடந்தது. இடப்புற இயந்திரம் பழுதானது. அதிர்வு காட்டும் கருவி அதைச் சரியாகவே காட்டியது. முந்தைய தலைமுறை விமானங்களில் அக்கருவி நம்பத்தகாதது என்று பெயரெடுத்திருந்ததால் விமானிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. நல்ல இயந்திரத்தை அணைத்துவிட்டார்கள். 47 பேர் இறந்தார்கள். பொய்யை நம்பியது ஒன்று, மெய்யை நம்ப மறுத்தது மற்றொன்று. கருவிகளை நம்பு என்றோ நம்பாதே என்றோ ஒற்றைவரி நீதி சொல்லி இவற்றைக் கடந்துவிட முடியாது.

தெர்மோகப்பிளின் பிறப்பிலேயே ஒரு பிழைவாசிப்பு இருக்கிறது என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். 1821-இல் தாமஸ் ஜோகன் சீபெக், இருவேறு உலோகங்களைச் சேர்த்து ஒரு சந்தியைச் சூடாக்கினால் அருகிலுள்ள காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். வெப்ப வேறுபாடு உலோகத்தைக் காந்தமாக்குகிறது என்று முடிவு செய்தார். அங்கே மின்னோட்டம் பாய்கிறது என்பதை அவர் ஏற்கவில்லை. ஊசி திரும்பியது மெய். அதன் காரணம் என்று அவர் சொன்னது தவறு. கண்டுபிடித்தவருக்கே இந்த வழுக்கல் நேர்ந்தது என்பது எங்களுக்கு ஆறுதலாக இல்லை. எச்சரிக்கையாகவே பட்டது.

நம் நாட்டுச் சிறுவிமானமான ஹன்சாவும் இதே கேள்வியின் எல்லைக்குள்தான் இருக்கிறது. பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகம் வடிவமைத்த அது 1993-இல் முதன்முதலில் பறந்தது. அதன் புதிய வடிவத்தின் கடல்மட்டச் சோதனைகள் 2022 பிப்ரவரி, மார்ச்சில் எங்களுக்கு அருகே புதுச்சேரியில் நடந்தன. பழையதும் புதியதும் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் இயந்திரங்களையே பூண்டவை. அவற்றில் சிலிண்டர்த் தலைக்குத் தண்ணீர்க் குளிர்விப்பு உண்டு. ரோட்டாக்ஸ் நிறுவனம் 2013-ஆம் ஆண்டு வாக்கில் தன் 912 வரிசையில் உணர்கருவியின் இடத்தை மாற்றியது. முன்பு அது தலையின் உலோகச் சூட்டைச் சொன்னது. மாற்றியபின் குளிர்நீரின் சூட்டைச் சொல்கிறது. அதற்கேற்ப ஒருவகை இயந்திரத்தில் 135 என்றிருந்த எல்லை 120 ஆயிற்று. இயந்திரம் அதேதான், நிற்கும் இடம் மாறியது, எல்லை எண்ணும் மாறியது. பழைய எல்லையை நினைவில் வைத்துக்கொண்டு புதிய எண்ணைப் பார்ப்பவர் ஆபத்தை அமைதியென்று வாசிப்பார்.

அந்த முறை ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் செம்பு வயரைப் பற்றி இரண்டு மூன்று முறை கேட்டுத் தெளிந்துகொண்டார். எதிர்வீட்டில் அன்று பாவு பிணைத்துக்கொண்டிருந்தார்கள். முடிந்த பாவின் ஒவ்வொரு இழையோடும் புதிய பாவின் இழையை விரல்நுனியில் முறுக்கிச் சேர்க்கும் வேலை, ஆயிரக்கணக்கான இழைகள். அதைக் காட்டி, "பட்டுல பருத்தியை வெச்சு முறுக்குனா முடிச்சு நிக்கும்டா. சேலையும் வந்துரும். மொதத் தண்ணியில தெரியும்" என்றார். சற்றுநேரம் கழித்து, "அந்தப் புள்ள நல்லாருக்கா?" என்று கேட்டார். தனியே பறந்த மாணவரைக் கேட்டார் என்று புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு கணம் பிடித்தது. நன்றாக இருக்கிறார் என்றோம்.

இப்போது எங்கள் கொட்டகையில் சில வழக்கங்கள் வைத்திருக்கிறோம். எந்த எண் மாறினாலும், அது நல்ல பக்கமாக மாறியிருந்தாலும், அன்றே காரணம் தேடுகிறோம். இரண்டு சிலிண்டர்களின் உணர்கருவிகளை மாற்றிப் போட்டுப் பார்க்கிறோம். பிழை உணர்கருவியோடு போகிறதா, சிலிண்டரோடு தங்குகிறதா என்று. தங்கினால் அதோடு நிறுத்துவதில்லை. வயர்களையும் மாற்றி இணைத்துப் பார்க்கிறோம். உறையிட்டு மூடிய ஒட்டுகளை, நாங்களே போட்டவையாயினும், பிரித்து உலோகத்தைப் பார்க்கிறோம். புதிதாக வரும் பையன்களிடம் அந்தச் செம்புத் துண்டைக் காட்டுகிறோம். அதை ஒரு டப்பாவில் வைத்திருக்கிறோம். ஒட்டு இன்றும் மிக நேர்த்தியாகவே இருக்கிறது.

வால்வும் சிலிண்டரும் மாற்றி, வழி முழுதும் உரிய கம்பி இழுத்து, ரப்பர்ப் பட்டையை நிமிர்த்தி அவ்விமானம் மீண்டும் பறந்த நாளில் நான்காவது சிலிண்டர் 196 காட்டியது. முன்பிருந்ததைவிட 26 டிகிரி அதிகம். பயிற்றுநர் இறங்கிவந்து, "என்னய்யா, சூடு கூடிப்போச்சே" என்றார். இல்லை சார், குறைந்திருக்கிறது என்றோம். அவருக்கு அதை விளக்கிச் சொல்ல அன்று மாலை முழுதும் ஆயிற்று.